1976-இல் தப்பிய ஒட்டகச்சிவிங்கி

அத்தியாயம் 6

விளையாட்டுக் கம்பெனி முதலாளி மார்த்தினோலி எங்களை உட்காரச் சொல்லவில்லை. நாங்களே உட்கார்ந்தோம். நீபியா மேடம் நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருஷம் சுருக்கெழுத்து எழுதியவர். யாரும் நாற்காலி காட்டுவதற்காக அவர் காத்திருந்ததே கிடையாது. வெந்நீர் பிளாஸ்க்கைக் காலடியில் வைத்தார், மாத்தே இலைத் தேநீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு உறிஞ்ச ஆரம்பித்தார். இப்போது துப்பறிகிறார், நான் அவருடைய உதவியாளன். பெயர் வாஷிங்டன். மோந்தேவிதேயோவில் தெருவுக்கு ஒரு வாஷிங்டன் இருக்கிறான், எவனும் அமெரிக்காவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மேடம் என்னை ஒல்லி என்றுதான் கூப்பிடுவார். அதிலாவது உண்மை இருக்கிறது.

எங்களை அங்கே அனுப்பியவர் வில்மார் எச்செகோயென், எழுபது வயது, முன்னாள் பூகோள வாத்தியார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு பலகை விளையாட்டு கண்டுபிடித்தார். பெயர் ‘பத்தொன்பது’. நாட்டின் பத்தொன்பது மாவட்டங்களும் வரைந்த பலகை. கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் மாவட்டம் உங்களுக்கு. ஆனால் எந்த மாவட்டத்தை எப்போது கேட்பது, எங்கே காவல் குதிரையை நிறுத்துவது, எவனை நடுவில் சிக்கவைத்து மூச்சுமுட்ட வைப்பது என்பதெல்லாம் உங்கள் சாமர்த்தியம். வெறும் படிப்பாளியும் அதில் தோற்பான், வெறும் தந்திரக்காரனும் தோற்பான்.

கையால் செய்த பெட்டிகள் மொத்தம் மூன்று. ஒன்று வில்மாரிடம். மற்ற இரண்டும் ஞாயிறுதோறும் அவரோடு ஆடும் நண்பர்களிடம்: கம்பளி நூல் கடை நேலிதா, தச்சர் பால்தசார். கேள்விச் சீட்டுகளை மூன்று பேரும் சேர்ந்துதான் எழுதினார்கள். இந்த ஜூலையில் மார்த்தினோலி கம்பெனி அதே விளையாட்டைப் பளபளவென்று அச்சடித்து, ‘கொடி நடு’ என்று பெயர் வைத்துக் கடைகளுக்கு அனுப்பிவிட்டது. பெட்டியின் எந்தப் பக்கத்திலும் வில்மாரின் பெயர் இல்லை.

அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பணம் வேண்டாம், பெயரைப் போடட்டும். 1975-இல் ராணுவ ஆட்சிக்காரர்கள் அவரை வேலையை விட்டுத் தூக்கியபோது, அவர் எழுதிய பாடப்புத்தகத்தை மட்டும் விடவில்லை, அட்டையில் இருந்த பெயரை எடுத்துவிட்டுப் பத்து வருஷம் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு தரம் அதைத் தாங்க முடியாது என்றார். வாங்கிய ‘கொடி நடு’ பெட்டியில் விதிகள் அச்சிட்ட தாளை மட்டும் படித்துவிட்டு, சீட்டுக்கட்டைப் பிரிக்காமலேயே என் மேல் எறிந்தார். வலித்தது.

மார்த்தினோலியின் கதை வழுவழுப்பாக இருந்தது. விதிகள் ஹாம்பர்க்கில் இருக்கும் ஒரு ஜெர்மானியரிடம் வாங்கியது, கேள்விகள் கம்பெனி ஆட்கள் எழுதியது. கடிதம்கூட வைத்திருந்தார். மேடம் கடிதத்தைத் தொடவே இல்லை. ஒரே ஒரு ஆட்டம் போடலாமா என்று கேட்டார்.

கம்பெனியில் படம் வரையும் பெண் பலகையோடு வந்தாள். கிரசியேலா, இருபத்தோரு வயது, விரலெல்லாம் மை. ‘கொடி நடு’ பலகையின் வரைபடம் அவள் கைவேலைதான் என்று மார்த்தினோலி சொன்னார். அவளும் நானும் மார்த்தினோலியும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் கேள்வி கேட்பவன். எனக்கு இடப்பக்கம் கிரசியேலா, வலப்பக்கம் மார்த்தினோலி. நாட்டை இரண்டாகப் பிரிக்கும் நதி எது என்று கேட்டேன். இருவரும் துண்டுத்தாளில் எழுதிக் கவிழ்த்தார்கள். இரண்டாம் விதிப்படி இடப்பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். கிரசியேலா முதலில் திறந்தாள், பிறகு மார்த்தினோலி. இரண்டிலும் ரியோ நெக்ரோ. சமன்.

“ஒல்லி, சமன் வந்தா என்ன பண்ணணும்னு பதினாலாவது விதியைப் படி,” என்றார் மேடம்.

படித்தேன். சமன் வந்தால், முதலில் திறந்தவர் என்ற முறையில், கேள்வி கேட்பவருக்கு வலப்பக்கம் இருப்பவருக்கே மாவட்டம்.

“வலப்பக்கம் இருக்கறது நீங்க,” என்று மேடம் மார்த்தினோலியைப் பார்த்தார். “கடைசியாத் திறந்ததும் நீங்க. அப்புறம் எப்படி நீங்க முதல்ல திறந்தவர் ஆனீங்க?”

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

இந்த ஊரில் சீட்டு பிடித்த எவனும் வலப்பக்கமாகத்தான் சுற்றுவான். த்ரூக்கோ சீட்டாட்டத்தில் பங்கு போடுகிறவனுக்கு வலப்பக்கம் இருப்பவனுக்குத்தான் முதல் கை, சமன் வந்தால் ஜெயிப்பதும் அவன்தான். ஹாம்பர்க்காரனுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? யாரோ வெளிநாட்டுச் சரக்கு மாதிரி தெரியட்டும் என்று இரண்டாம் விதியை இடப்பக்கம் மாற்றியிருக்கிறார்கள், பதினாலாம் விதியை மறந்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் எதையும் முழுசாகத் திருட மாட்டார்கள், பாதியில் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

மார்த்தினோலி அசரவில்லை. ஜெர்மானியரை நைசாகக் கைகழுவிவிட்டார்.

“சரி, உள்ளூர்க்காரன் செஞ்சதுன்னே வெச்சுக்குங்க. உங்க வாத்தியாரோட பெட்டியிலேர்ந்துதான் வந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க? அதை எங்ககிட்ட கொடுத்த ஆளை வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டுவந்து நிறுத்துங்க. பேர் போடறேன்.”

யார் கொடுத்தது என்று மட்டும் அவர் சொல்லத் தயாராக இல்லை. கிரசியேலா பலகையை மடிக்கும்போது அவள் கை நடுங்கியது. முதலாளிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். துப்பறியும் தொழிலில் என் லட்சணம் அவ்வளவுதான்.

வெளியே மழை. பஸ்ஸில் என் வேலையைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டேன். நான்கு நாளாக வில்மாரின் சீட்டுகளையும் ‘கொடி நடு’ சீட்டுகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தது நான்தான். ஆயிரத்துச் சொச்சம் கேள்விகளும் அப்படியே இருந்தன, நாற்பதைத் தவிர. அந்த நாற்பதும் நண்பர்கள் மூவரின் சொந்த விஷயங்கள். நேலிதாவின் முதல் காதலன் எந்த ஊர், வில்மார் எத்தனை தரம் குடையைத் தொலைத்தார் என்கிற ரகம். விற்றவர் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார். அப்படியானால் எது சொந்த விஷயம், எது ஊர் விஷயம் என்று தெரிந்த ஆள். மூவரில் ஒருவர்.

“வில்மார் யாரைச் சந்தேகப்படறார்?” என்றார் மேடம்.

“நேலிதாவை. நாலு வாரமா ரெண்டு பேரும் பேசறதில்ல. அந்தம்மாவுக்குக் கை நீளம்னு சொல்றார்.”

“நூல் அளக்கற கை. நீளமாத்தான் இருக்கும்.”

நகைச்சுவை என் துறை என்று நான் ஞாபகப்படுத்தினேன். மேடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நேலிதா அறுபத்தைந்து வயது, குள்ளம், கோபம். கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. வில்மார் அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்ததும் எங்களைக் கதவருகிலேயே நிறுத்தி, வில்மாரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். வெறும் திமிர் பிடித்த வாத்தியார், எல்லோரையும் கடைசி பெஞ்சு பையன் மாதிரி நடத்துகிறவர், ஒன்பது வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டுத் திருடி என்று சொல்ல நாக்கு எப்படி வந்தது. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவர் திருடியிருக்க மாட்டார் என்று எனக்கு அப்போதே பட்டது, ஆனால் எனக்குப் பட்டதை மேடம் எந்த வழக்கிலும் குறித்துக்கொண்டதில்லை.

மேடம் ‘கொடி நடு’ சீட்டுக்கட்டைக் கவுண்டரில் வைத்தார். எதையாவது எடுக்காமல் விட்டிருக்கிறார்களா, பாருங்கள் என்று மட்டும் சொன்னார். நேலிதா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். எழுபதுகளின் சீட்டுகளுக்கு வந்தபோது ஒரு சீட்டில் கை நின்றது. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்துக்கொண்டே அதைத் தூக்கிக் காட்டினார்.

1976 குளிர்காலத்தில் சர்க்கஸிலிருந்து தப்பி, கடற்கரைச் சாலையில் காலை முழுக்க நடந்து திரிந்த விலங்கு எது? பதில்: ஒட்டகச்சிவிங்கி.

எனக்கு அந்தச் சீட்டு நன்றாக ஞாபகம் இருந்தது. நான் ரிவேரா பக்கத்துப் பையன், 1976-இல் எனக்குப் பத்து வயது. தலைநகரில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று வியந்து, நான் கல்யாணம் பண்ணிக்கொள்ள நினைத்திருக்கும் பெண்ணிடம்கூடச் சொல்லியிருந்தேன். மேடம் சீட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். அவர் அந்த வருஷம் முழுக்க இந்த ஊரில்தான் இருந்தார்.

“அப்படி ஒண்ணும் நடக்கலையே,” என்றார்.

“நடக்கல. வில்மார் சும்மா எழுதினது,” என்று நேலிதா சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துவிட்டது. சீட்டை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு சொன்னார். நாங்கள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

பால்தசாரை 1973-இல் ராணுவத்தார் பிடித்துக்கொண்டு போனார்கள். தொழிற்சங்கத்தில் இருந்தது குற்றம். ஏழு வருஷம் சிறை. 1980-இல் திரும்பி வந்த முதல் ஞாயிறு, வில்மாரின் சமையலறையில் உட்கார்ந்து, நான் இல்லாதபோது என்னென்ன நடந்தது, எல்லாத்தையும் சொல்லுங்க என்று கேட்டார். என்னத்தைச் சொல்வது? யார் யார் செத்தார்கள், யார் யார் நாட்டை விட்டு ஓடினார்கள், யாரைக் காணவில்லை. அவர் மனைவி எல்சாவே 1977-இல் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். நேலிதாவும் வில்மாரும் எங்கிருந்து தொடங்குவதென்று விழித்தபோது, வில்மார் திடீரென்று ஒட்டகச்சிவிங்கி கதையை எடுத்துவிட்டார். பால்தசார் சிரித்தார். வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். அந்த வாரம்தான் வில்மார் விளையாட்டைச் செய்ய ஆரம்பித்தார். அந்த ஏழு வருஷத்தையும் சீட்டு சீட்டாக எழுதி அந்த மனுஷனிடம் திருப்பிக் கொடுப்பதற்காக.

“அது பொய்னு அப்புறம் சொல்ல முடியல. இந்தச் சீட்டு வந்தா அவன் முகத்தைப் பாக்கணுமே. அதுக்காகவே மாவட்டத்தை அவனுக்கு விட்டுக்கொடுப்போம்.”

“அந்த வருஷம் ஊர்ல இருந்த யாரா இருந்தாலும் பொய்னு தெரிஞ்சு, விக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் முதல்ல எடுத்திருப்பாங்க,” என்றார் மேடம்.

பால்தசாருக்குப் பிள்ளைகள் உண்டா, எங்கே வேலை பார்க்கிறார்கள் என்றும் கேட்டார். ஒரே மகள், ஏதோ பொம்மைக் கம்பெனியில் படம் வரைகிறாள், நல்ல பெண், அம்மாவும் சீக்காளியாகிவிட்டதால் அப்பா உள்ளே இருந்த ஏழு வருஷமும் தூரத்தில் மேலோ ஊரில் சித்தி வீட்டில் வளர்ந்தவள், பெயர் கிரசியேலா என்றார் நேலிதா.

மையும் நடுங்கிய கையும் என் கண்முன் வந்தன. மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மட்டும் கருணை.

இதில் வேறு பொய்ச் சீட்டுகளும் உண்டா என்று கதவருகில் நின்று கேட்டார். நான் ரெண்டு எழுதினேன், வில்மார் எத்தனை எழுதினான்னு எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, நேலிதா கடையைச் சாத்தினார். மணி மூன்றுகூட ஆகவில்லை.

வில்மாரிடம் மேடம் எல்லாவற்றையும் நேராகச் சொன்னார். கிழவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். டாக்ஸியில் மேடம் இரண்டு தரம் அவரைக் கெஞ்சினார். மேடம் கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான். பால்தசார் கேட்டாலே ஒப்புக்கொண்டுவிடுவார், அவரை வெள்ளிக்கிழமை அழைத்துப் போனால் உங்கள் பெயர் பெட்டியில் வந்துவிடும், எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். வில்மார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சரி என்றார்.

பால்தசார் வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நாற்காலிக்குக் கால் இழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் மூவரையும் பார்த்ததும் இழைப்புளியைக் கீழே வைத்தார். மேடம் நினைத்தது சரி. கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

கிரசியேலாவைக் கம்பெனியிலிருந்து நிறுத்தப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். புதுசாக ஒரு யோசனை கொண்டுவந்தால் வைத்துக்கொள்வோம் என்றார்களாம். அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். அஞ்சு வயசிலிருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும் அவள் அழுதபோதெல்லாம் தான் பக்கத்தில் இல்லை என்றார். அதனால் தன் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

“என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?” என்றார் வில்மார்.

“கேட்டா பேர் போடணும்னு சொல்லியிருப்பே. பேர் கேக்கற ஆள் அவங்களுக்கு வேண்டாம். எனக்கு வேற வழி தெரியல வில்மார். தப்புதான்.”

வெள்ளிக்கிழமை வந்து சொல்கிறேன் என்றும் அவரே சொன்னார். மகளுக்கு வேலை போகும், அதை அவளிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. எழுந்து வந்திருக்கலாம். நான் குடையைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் வில்மாருக்கு ஜெயித்தது போதவில்லை. என் சொத்தைத் திருடினாய் என்று சத்தமாகச் சொன்னார். ரெண்டு தரம் சொன்னார்.

பால்தசார் தலை நிமிர்ந்தார்.

“உன் சொத்துதான். ஆனா அதுல எனக்கும் பங்கு உண்டு. அந்த ஏழு வருஷம்னு என்கிட்ட இருக்கறது அந்தச் சீட்டுங்க மட்டும்தான். படிச்சுப் படிச்சு நான் அங்க இருந்த மாதிரியே ஆயிட்டேன். சிறையிலேர்ந்து வந்தப்ப கிரசியேலா என்கிட்ட பேசவே மாட்டா. அந்த ஒட்டகச்சிவிங்கி கதையைச் சொல்லித்தான் அவளைப் பேச வெச்சேன். உனக்குப் போனது பேரு. எனக்குப் போனது வருஷம்டா.”

“ஒட்டகச்சிவிங்கியே வரலடா,” என்றார் வில்மார்.

மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

வில்மாரின் முகம் சாம்பலாகிவிட்டது. சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. உன்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன், அப்புறம் எப்படி மாற்றிச் சொல்வதென்று தெரியவில்லை என்று ஏதேதோ பேசினார். ஒரு சிறந்த வாத்தியார் பாடம் மறந்து திக்குவதைப் பார்க்கவே முடியவில்லை. நக்கலடிக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த நேரத்தில் அந்தக் கிழவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது, அதற்கு மேல் அவருக்காக அழ வேண்டும் போலவும் இருந்தது.

பால்தசார் கோபப்படவில்லை. நிதானமாகக் கையிலிருந்த மரத்தூளைத் தட்டினார். சுவரோரத்து மேஜையின் இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்னக் கட்டை எடுத்தார். கம்பெனிக்குக் கொடுக்காமல் அவர் எடுத்துவைத்திருந்த நாற்பது சீட்டுகள். விரல் தானாகவே ஒன்றைத் தேடி உருவியது. ஓரமெல்லாம் நைந்து, கைபட்டுக் கருத்துப்போன சீட்டு. வில்மாரின் கையெழுத்து. அவர் அதைப் பார்க்காமலேயே படித்தார்.

“எழுபத்தேழு மார்ச்ல ஆஸ்பத்திரியில எல்சா கடைசியாக் கேட்டது யாரை? பதில், பால்தசாரை.” சீட்டை இழைப்பு மேஜையின் மேல் வைத்தார். “பக்கத்துல இருந்தது நீ ஒருத்தன்தான். இது நிஜமா?”

“நிஜம்,” என்றார் வில்மார். “சத்தியமா நிஜம், பால்தசார்.”

பால்தசார் சீட்டை மறுபடி கையில் எடுத்தார்.

“ஒட்டகச்சிவிங்கியையும் இதே குரல்லதான் சொன்னே.”